மனைவி இல்லை என்று ஒரு கையெழுத்து

எங்கள் ஆபீஸ் மலாக்கா டவுனில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. வக்கீல் ஒருவர், கிளார்க் நான். வீடு வாங்குகிறவர்களுக்கும் நிலம் விற்கிறவர்களுக்கும் பத்திரம் டைப் செய்வதுதான் பதினாறு வருடமாக என் வேலை. எங்கள் குடும்பத்தில் இது யாருக்கும் புரிந்ததில்லை. வக்கீல் ஆபீசில் இருப்பவளுக்கு உலகத்துச் சட்டமெல்லாம் தெரியும் என்று நம்பினார்கள். நானும் அந்தப் பெருமையில் கொஞ்சம் குளிர் காய்ந்தேன் என்பதை மறைக்க மாட்டேன்.

அதனால்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை என் தங்கை புக்கிட் ரம்பாய் ஃபேக்டரியிலிருந்து யூனிஃபார்மோடு நேராக என் மேசைக்கு வந்து நின்றாள். ஆஸ்திரேலியாவில் பழத்தோட்ட வேலைக்குப் போயிருந்த அவள் கணவர், வேன் கவிழ்ந்து இறந்து இரண்டு நாளாகியிருந்தது. அங்கிருந்த போலீஸ் சேதி சொன்னது அவளுக்கு அல்ல, நியாலாஸில் இருக்கும் அவருடைய அண்ணனுக்கு. பாஸ்போர்ட்டில் எழுதியிருந்தது அண்ணனின் நம்பராம். அவரும் யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல், அங்கேயே எரித்துச் சாம்பலை அனுப்பச் சொல்லிவிட்டார்.

"மொகத்தப் பாக்காம எப்படிக்கா நம்புவேன்? எரிக்க விட்டுறாதேக்கா. ஒனக்குத்தான் சட்டம் தெரியுமே!"

அவர் இறந்த ஊரின் மரண விசாரணை அலுவலகத்துக்கு ஃபோன் செய்தேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். மனைவி இருந்தால் முடிவு அவருடையது, வெள்ளிக்கிழமைக்குள் திருமணச் சான்றிதழை அனுப்புங்கள், இல்லையென்றால் அண்ணன் சொன்னபடி நடக்கும் என்றார்கள்.

சான்றிதழ் கிடையாது. ஆறு வருடத்துக்கு முன்பு எஸ்டேட் கோயிலில் மேளம் கொட்டி, ஊரே அட்சதை போட்டு நடந்த கல்யாணம்தான். பதிவு செய்யும் பாரத்தை மட்டும் நிரப்பிக் கொடுக்கவில்லை. "தாலி ஏறிருச்சி, பாரம் எங்க ஓடிறப் போவுது" என்று மாப்பிள்ளை சிரித்தார். பிறகு புரட்டாசி வந்தது, தீபாவளி வந்தது, எங்கள் அப்பா போய் ஒரு வருடத் துக்கம் வந்தது. நம் ஆட்களுக்குத் தள்ளிப்போடக் காரணமா கிடைக்காது? பதியாத கல்யாணம் இந்த நாட்டுச் சட்டத்தில் கல்யாணமே இல்லை என்பது தெரிந்த ஒரே ஆள் நான். பாரத்தை வாங்கி வந்து இரண்டு பேர் விவரத்தையும் டைப் செய்து என் டிராயரில் வைத்தவளும் நான்தான். ஊரார் பத்திரத்தில் ஒரு முத்திரை குறைந்தாலே பதறி ஓடுகிறவள், சொந்தத் தங்கையின் காகிதத்தை ஆறு வருடம் மறந்திருந்தேன். அன்று டிராயரைத் திறந்தபோதும் அது அங்கேயே கிடந்தது. எனக்கு என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

வக்கீலிடம் கேட்டேன். "வெளிநாட்டுச் சட்டம்லாம் நமக்கு வராதும்மா. இன்டர்நெட்ல தேடிப் பாரு லா" என்று தன் அறைக் கம்ப்யூட்டரையே எனக்குக் கொடுத்தார்.

தேடினேன். பதியாத இந்துத் திருமணத்தை ஆஸ்திரேலியா ஏற்குமா என்று நூறு விதமாகக் கேட்டேன். வக்கீல் கம்பெனிகளின் விளம்பரங்கள் வந்தன. நல்ல தலைப்பாக ஒன்று கண்ணில் பட்டால், உறுப்பினர்களுக்கு மட்டும் என்று கதவைச் சாத்தியது. புதன்கிழமை முழுவதும் ஒரு சட்டத்தை வரி வரியாகப் படித்துப் பென்சிலால் குறிப்பெடுத்தேன். சாயங்காலம்தான் தெரிந்தது, அங்கே மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு, நான் படித்தது பக்கத்து மாநிலத்துடையது. சரியான மாநிலத்தைப் பிடித்தால், அந்தச் சட்டம் நீக்கப்பட்டு வேறு வந்துவிட்டது என்று தலைப்புக்குமேல் சின்ன எழுத்தில் போட்டிருந்தது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது. தங்கை எதிர் நாற்காலியில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அதில் ஒன்றும் புரியாது. அதில் பாதி எனக்கும் புரியவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வியாழக்கிழமை காலை, ஆஸ்திரேலியாவில் உள்ள ஒரு பல்கலைக்கழகச் சட்ட நூலகத்தின் இணையப் பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். எந்த நாட்டுச் சட்டத்தை எங்கே இலவசமாகப் படிக்கலாம் என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். ஓரத்தில், நூலகரிடம் கேளுங்கள் என்று ஒரு சின்னப் பெட்டி. பெட்டி கொள்ளாத அளவுக்கு எழுதினேன். எழுதும்போதே அழுதேன், வெட்கமாகவும் இல்லை.

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. தன்னால் ஆலோசனை சொல்ல முடியாது, சட்டம் இருக்கும் இடத்தைத்தான் காட்ட முடியும் என்று அந்த நூலகர் எழுதியிருந்தார். மாநில அரசின் சட்டப் பக்கத்துக்குப் போங்கள், இன்று நடப்பில் உள்ளதைத் திறங்கள், நீங்கள் கல்யாணச் சட்டத்தில் தேடுகிறீர்கள், மரண விசாரணைச் சட்டத்தில் சொற்களுக்குப் பொருள் சொல்லும் பிரிவை முதலில் படியுங்கள் என்றார். படித்தேன். இறந்தவரின் துணை என்றால் மனைவி மட்டும் அல்ல, கல்யாணம் செய்யாமல் கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழ்ந்தவரும்தான். அண்ணனுக்கு முன்னால் அவருக்குத்தான் உரிமை. மூன்று நாளாக நான் முட்டிக்கொண்டிருந்த சுவரில் கதவு பக்கத்திலேயே இருந்திருக்கிறது.

சந்தோஷம் நான் அந்த விசாரணை அலுவலகத்தின் பாரத்தைத் திறக்கும் வரைதான். முதல் கேள்வியே, சட்டப்படி திருமணம் ஆனவரா? ஆம் என்று போட்டால் பொய்ச் சத்தியம். இல்லை என்று போட்டால்தான் மாப்பிள்ளை வருவார்.

வெள்ளிக்கிழமை காலை, சத்தியப் பிரமாணம் வாங்கும் அதிகாரி முன்னால் அவளுக்குத் தமிழில் படித்துச் சொன்னேன். 'நான் அவரைத் திருமணம் செய்துகொள்ளவில்லை. ஆறு ஆண்டுகள் அவருடன் சேர்ந்து வாழ்ந்தேன்.' அவள் கை கழுத்துக்குப் போனது.

"வச்சிக்கிட்டு இருந்தாருன்னு எழுதியிருக்கியாக்கா?"

"சட்டத்துல அப்படி இல்லம்மா..."

"போட்டா வருவாரா?"

"வருவாரு."

போட்டாள். அங்கே அலுவலகம் மூடுவதற்குள் அனுப்பிவிட்டேன்.

பன்னிரண்டாம் நாள் அவர் பெட்டியில் வந்தார். முகத்தை அவளுக்குக் காட்டினார்கள். அவள் தொட்டுப் பார்த்தாள், நம்பினாள். மறுநாள் காலை தாலி கழற்றும் சடங்குக்காகப் பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்தபோது மாப்பிள்ளையின் அண்ணன் எழுந்தார். விசாரணை அலுவலகம் அவருக்கும் ஒரு நகல் அனுப்பியிருந்தது.

"கல்யாணம் ஆவலன்னு கையெழுத்துப் போட்டவளுக்கு எதுக்கு இந்தச் சடங்கு? இவ என் தம்பி பொண்டாட்டி இல்லன்னு இவளே எழுதிக் குடுத்துருக்கா, பாருங்க!"

அவர் கையில் இருந்தது நான் டைப் செய்த காகிதம்.

தங்கை தாலியைத் திரும்ப ஜாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டாள்.

"சரி மாமா. அப்ப நான் கழட்டல" என்றாள்.

திங்கட்கிழமை ஃபேக்டரிக்கு அதோடுதான் போனாள். இன்றும் அது அவள் கழுத்தில் இருக்கிறது.