நடுக்கிணற்றில் ஒரு வாளி

கனடாவில், மல்வேர்னில் ஒரு டவுன்ஹவுசின் பேஸ்மென்ற்றில், ஞாயிறு பின்னேரங்களில் நாங்கள் விளையாடும் விளையாட்டை வெளியாருக்கு விளக்குவது எனக்கு எப்போதும் கடினம். காய் நகர்த்தும் பலகை கிடையாது. வெற்றி தோல்வியும் கிடையாது. ஒருவர் கதைசொல்லி, அவர் ஒரு கற்பனை உலகத்தை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் நடமாடுவோம். செய்ய நினைப்பதை வாயால் சொல்ல வேண்டும். அது கைகூடுமா என்பதை இருபது பக்கப் பகடை சொல்லும்.

எங்கள் கதைசொல்லி அண்ணை, ஆங்கில விதிப்புத்தகம் ஒன்றைத் தமிழாக்கித்தான் இதைத் தொடங்கினார். மேசையின் வழக்கங்களும் அவர் வைத்தவையே. பகடையை எல்லோரும் பார்க்க நடு மேசையில் போட வேண்டும். விழுந்தது விழுந்ததுதான். என் முதல் வீரன் அரக்கனோடு மோதிச் சாகவில்லை. முழங்காலளவு வாய்க்காலில் வழுக்கி விழுந்து செத்தான். கெஞ்சிப் பார்த்தேன், அண்ணை அசையவில்லை. அதற்குப் பிறகு நான் எடுத்த பாத்திரம் கோட்டை நகரத்தின் அரச எழுத்தர். மேசைக்கு வெளியேயும் எனக்கு அதே வேலைதான். எந்த ஞாயிறு என்ன நடந்தது என்று திகதி போட்டுக் குறித்து வைப்பவன் நான்.

பழைய விதிகளில் எந்த இனத்தில் பிறந்தவர் எந்தத் தொழில் செய்யலாம் என்ற கட்டுப்பாடு இருந்தது. அண்ணை அதைத் தமிழில் எழுதும்போது ஊர்க்களை வரட்டும் என்று சிலவற்றைச் சேர்த்தார். அதில் ஒன்று கோட்டைக்குள் இருந்த நடுக்கிணறு. நிலத்தைக் குடைந்து வாழும் மண்ணவர் என்ற சிறிய மனிதர்கள் அதன் கயிற்றைத் தொடக்கூடாது. வேறு இனத்தார் யாராவது வந்து அள்ளி ஊற்றும்வரை ஓரமாக நிற்க வேண்டும். மூலப் புத்தகத்தில் அப்படி ஒரு கிணறே இல்லை. யாழ்ப்பாணத்துக் கை எழுதினால் கிணறு வருகிறது, கிணறு வந்தால் அதற்கு ஓர் ஓரமும் வந்துவிடுகிறது. எங்களில் எவரும் மண்ணவராக ஆடியதில்லை. அதனால் அந்த விதி எவரையும் உறுத்தாமல் பல வருடங்கள் கிடந்தது.

இந்த வருடம் தைப்பொங்கல் கழிந்து வந்த ஞாயிறு, என்னோடு வேலை செய்யும் ஒரு பெண்ணை அழைத்துப் போனேன். மோர்னிங்சைட்டில் இருப்பவர், முப்பது வயதிருக்கும். பாத்திரங்களின் விவரங்களை ஆறுதலாக வாசித்துவிட்டு, மண்ணுக்குள் கேட்கும் சத்தங்களை அறியக்கூடியவர்கள் என்பதால் மண்ணவளையே தெரிந்தெடுத்தார். மேசையில் அன்று நாங்கள் நால்வர். நான்காவது ஆள் எங்கள் பழைய கூட்டாளி, பஸ் ஓட்டுபவர். அவருடைய பாத்திரம் கோட்டைக் காவலர் தலைவன்.

கதையில் ஒரு புதையலைத் தேடி உப்புவெளியைக் கடந்து நகரத்துக்கு வந்து சேர்ந்தோம். எல்லோருக்கும் தாகம்.

“நான் கிணத்தில தண்ணி அள்ளுறன்” என்றார் புதிதாக வந்த பெண்.

அண்ணை விதிப்புத்தகத்தைப் புரட்டினார். “நீங்கள் அள்ளேலாது, தங்கச்சி. ஓரமா நிக்கோணும். ஆரும் வந்து ஊத்துவினம்.”

அவர் கையிலிருந்த தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். “எங்கட அம்மா ஊரில அப்பிடித்தான் நிண்டவ. மணித்தியாலக் கணக்கா. கனடாவில, பேஸ்மென்ற்றுக்குள்ள, டிராகன் பறக்கிற ஊரிலயும் நான் அப்பிடியே நிக்கோணுமோ?”

ஹீற்றர் இரைந்துகொண்டிருந்தது. அண்ணையின் முகம் கறுத்துவிட்டது. அழிறப்பரைத் தேடி எடுத்தார். “இப்பவே அழிக்கிறன்.”

“அண்ணை, இவ்வளவு வருசமாக் கட்டின ஊர்” என்றார் பஸ் ஓட்டுபவர். “ஒரு ஆள் வந்த உடன அழிக்கிறதோ? உது வெறும் கேம். நாளைக்கு டிராகன் நெருப்புத் துப்பக்கூடாது எண்டுவியள்.”

“டிராகன் துப்பட்டும், ட்ரைவர் அண்ணை. அது ஆள் பாத்துத் துப்புறேல்ல” என்றார் அவர். பிறகு அண்ணையின் பக்கம் திரும்பி, “அழிக்காதேங்கோ. அழிச்சா இப்பிடி ஒண்டு இருந்ததே இல்லை எண்டு போயிடும். நான் அள்ளப்போறன். டைஸைத் தாங்கோ” என்றார்.

கிணற்றடியில் காவலர் நான்கு பேர். பதினெட்டுக்கு மேல் விழ வேண்டும் என்று அண்ணை சொன்னார். பகடை உருண்டு நாலில் நின்றது.

“கை வழுக்கிப் போச்சு. திரும்பப் போடுங்கோ” என்றார் அண்ணை. வாய்க்காலில் செத்த என் வீரனுக்குக் கிடைக்காத சலுகை அது.

“வேண்டாம். எனக்கெண்டு ஒரு தனிச் சட்டம் வேண்டாம்.”

“அது சரியான கதை” என்றார் பஸ் ஓட்டுபவர், தன்னையறியாமல்.

காவலர் மண்ணவளைத் தள்ளி விழுத்தினார்கள், வாளி உருண்டது. என்ன செய்கிறீர் என்று அண்ணை என்னைக் கேட்டார். எழுத்தருக்குக் கிணற்றில் உரிமை உண்டு. “நான் அள்ளி அவவுக்கு ஊத்துறன்” என்றேன். நல்ல காரியம் செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

“ஊத்தினா பழையபடிதானே, அண்ணா?” என்றார் அவர்.

அவர் சொன்னது சரி. ஊற்றுவதுதான் அந்த நகரத்தின் வழக்கமே. கயிற்றை அவள் கையில் கொடுப்பதுதான் குற்றம். கொடுப்பவர் பதவியை இழப்பார் என்று அடுத்த வரியிலேயே எழுதியிருந்தது. நான் அவ்வளவு காலம் வளர்த்த எழுத்தர். கயிற்றைக் கொடுத்தேன். “பதவி போச்சு” என்று அண்ணை மெதுவாகச் சொன்னார்.

காவலர் வாளை உருவினார்கள். இப்போது முறை அவர்களின் தலைவனுக்கு. பஸ் ஓட்டுபவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஊரை மாத்துறது எனக்கு இப்பவும் பிடிக்கேல்ல. எண்டாலும் கிணத்தடியில ஒரு பொம்பிளையை வெட்டினவன் எண்டு என்ர ஆளைப் பற்றி இவர் எழுதக்கூடாது” என்று என்னைக் காட்டினார். “குறுக்க நிக்கிறன். என்ன விழோணும்?”

“அதே பதினெட்டுத்தான்.”

பகடை மேசை விளிம்புவரை போய்த் திரும்பி, பத்தொன்பதில் நின்றது. யாரும் கைதட்டவில்லை. காவலர் வாளை இறக்கினார்கள். மண்ணவள் அள்ளினாள், குடித்தாள்.

அண்ணை பெருமூச்சு விட்டுக் கதையைப் புதையல் பக்கம் திருப்பப் பார்த்தார். அந்தப் பெண் விடவில்லை.

“ஓரத்தில வேற ஆக்களும் நிக்கினம்தானே? எத்தினை பேர்?”

“அது... நான் எண்ணேல்ல, தங்கச்சி.”

“எண்ணுங்கோ. நான் கயிறை விடமாட்டன். ஒவ்வொருத்தரா வந்து தாங்களே அள்ளட்டும்.”

அண்ணை பகடையை நடு மேசையில் உருட்டினார். பதின்மூன்று பேர். ஒவ்வொருவரும் யார், வயதென்ன, தண்ணீருக்கு எதைக் கொண்டு வந்தார்கள் என்று அவர் ஒருவர் ஒருவராகச் சொல்லத் தொடங்கினார். வழி மறிக்க வந்தவர்களைப் பஸ் ஓட்டுபவர் பார்த்துக்கொண்டார். பதவி போன எழுத்தர் வரிசையை ஒழுங்குபடுத்தினார். அன்று புதையலுக்கு யாரும் போகவில்லை. கடைசி ஆள் அள்ளி முடிக்கும்வரை மேசையை விட்டு ஒருவரும் எழும்பவும் இல்லை.