நிலக்கேணியில் ஒரு சனி முழுக்கு

மெக்சிக்கோவுக்குப் புறப்படுவதற்கு முன் இந்த நகரத்தில் நான் எந்த நிலையில் இருந்தேன் என்பதை முதலில் பதிவு செய்வது முறை. யாழ்ப்பாணத்தில் பெயர்பெற்ற ஒரு கல்லூரியில் புவியியல் கற்பித்து, உப அதிபராக ஓய்வு பெற்றவன் நான். ரொறன்ரோவில் அக்கல்லூரியின் பழைய மாணவர் சங்கத்துக்குப் பல ஆண்டுகளாகத் தலைவராக இருந்து வருகிறேன். கோடைகால ஒன்றுகூடல் முடிந்ததும் பூங்காவை விட்டுக் கடைசியாக வெளியேறுபவன் நானே. கோழி எலும்பைப் புல்லில் எறிந்த ஒரு வைத்தியரைத் திருப்பி அழைத்துப் பொறுக்க வைத்திருக்கிறேன். பொது இடத்தில் நம்மவர் நடந்துகொள்ளும் விதம் பற்றி இங்குள்ள தமிழ்ப் பத்திரிகைகளில் கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். முதுகுக்குப் பின்னால் சிலர் என்னைக் 'குப்பை வாத்தியார்' என்று அழைப்பதும் எனக்குத் தெரியும். அதை நான் இழிவாகக் கருதியதில்லை.

சனிக்கிழமைகளில் எண்ணெய் தேய்த்து முழுகுவது என் வழக்கம். கனடாவின் பனிக்காலத்திலும் அது தவறியதில்லை. ரொறன்ரோவின் மோர்னிங்சைட் பகுதியில் மகனுடைய வீட்டுக் குளியல் தொட்டி அதனால் வழுக்கும். மருமகள் அதைப் பற்றி என்னிடம் நேரில் எதுவும் சொல்ல மாட்டாள். என் மனைவிதான் ஒவ்வொரு சனியும் முழங்காலில் நின்று சவர்க்காரத் தூள் போட்டு அதைத் தேய்த்துக் கழுவுவாள். நல்லெண்ணெய் வெறும் தண்ணீருக்குப் போகாது என்பதை அவளளவுக்கு அறிந்தவர் எவருமில்லை. நானும் அறியாதவன் அல்லன்.

சென்ற குளிர்காலத்தில் மகன் எங்கள் இருவரையும் தன் மனைவியோடு மெக்சிக்கோவின் கரையோர விடுதி ஒன்றுக்கு அழைத்துச் சென்றான். முதல்நாள் காலை உணவு மண்டபத்தில், தட்டு நிறையப் பப்பாளித் துண்டுகளோடு ஒருவர் என் முன்னால் வந்து நின்றார்.

"சேர், என்னைத் தெரியேல்லையே? உங்களிட்ட ஜியோகிரபி படிச்சனான். இப்ப ஸ்ரௌவ்வில்லில இருக்கிறம்."

எனக்கு நினைவில்லை. இருந்தும் தெரிகிறது என்றேன். ரொறன்ரோவுக்கு அருகிலுள்ள ஸ்ரௌவ்வில்லிலிருந்து அவரும் குடும்பத்தோடு வந்திருந்தார். அந்த நிமிடத்திலிருந்து விடுமுறை என்பது எனக்கு முடிந்துவிட்டது. பழைய மாணவன் முன்னால் காற்சட்டையோடு கடற்கரையில் கிடக்க என்னால் இயலாது. நீளக் கைச் சட்டை அணிந்து, குடையின் கீழ் நிமிர்ந்த கதிரையில் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மகன் சொன்னான்:

"அப்பா, நாளைக்குக் கடலுக்குப் போகேல்லை. நிலத்துக்குக் கீழ நல்லதண்ணிக் கேணி ஒண்டு இருக்காம். அடிவரை தெரியுமாம். அங்க எல்லாரும் குளிக்கலாம்."

நாளை சனிக்கிழமை. நல்ல தண்ணீர். நிலத்தின் ஊற்று. விடுதியின் ஒடுங்கிய குளியலறையில் முழுகுவதை எண்ணி ஏற்கெனவே எனக்கு எரிச்சலாக இருந்தது. மறுநாள் காலையில் எழுந்து, ரொறன்ரோவிலிருந்து துவாயில் சுற்றிக் கொண்டுவந்த போத்தலைத் திறந்து, தலையிலும் உடம்பிலும் முறைப்படி எண்ணெய் வைத்தேன். அதன் மேல் சட்டையைப் போட்டுக்கொண்டேன். வழியில் ஊறட்டும், கேணியில் முழுகிக்கொள்ளலாம் என்பது என் திட்டம்.

"என்ன மணக்குது?" என்று மனைவி கேட்டாள்.

"சனிக்கிழமை," என்றேன்.

"முழுகிப்போட்டு வாங்கோவன்."

"முழுகத்தானே போறம்."

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் என் சனி முழுக்கைப் பற்றி அதற்குமேல் கேட்கும் வழக்கம் இல்லை.

ஸ்ரௌவ்வில் குடும்பமும் எங்களோடு அதே வான் வண்டியில் வந்தது. பின் ஆசனத்தில் இருந்த பழைய மாணவர் அந்த நிலத்தைப் பற்றிக் கேட்டார். ஆசிரியனிடம் கேட்டால் சொல்லாமலிருப்பானா? எங்கள் விடுதி இருக்கும் தீபகற்பம் முழுவதும் சுண்ணாம்புக்கல் என்றும், மழைநீர் கல்லை உள்ளே அரித்துக் குகையாக்குகிறது என்றும், கூரை இடிந்து விழும் இடத்தில் இப்படியான நிலக்கேணி திறக்கிறது என்றும் விளக்கினேன். அங்குள்ளவர்கள் அதைச் 'செனோட்டே' என்பார்கள். ஆறு கிடையாது, குடிப்பதும் சமைப்பதும் இந்த நிலத்தடி நீரிலேயே. மணல் நிலத்தில் போல இங்கே தண்ணீர் வடிகட்டப்படுவதில்லை. வெடிப்புகளின் வழியே நேரே ஓடுகிறது. ஆகவே ஓரிடத்தில் அழுக்குப்பட்டால் எல்லா இடத்துக்கும் போகும் என்றேன். இந்தக் கடைசி வசனத்தை விரலை உயர்த்தியே சொன்னேன். சட்டைக்குள் எண்ணெய் முதுகெலும்பு வழியே வழிந்துகொண்டிருந்தது.

கேணி ஒரு சிறு கிராமத்துக்குச் சொந்தமானது. வாயிலில், கழுத்தில் விசில் தொங்க, ஓர் இளம்பெண் நின்றாள். அந்தக் கிராமத்தவள். உள்ளே போகும் ஒவ்வொருவரும் முதலில் ஷவரில் நின்று உடம்பைக் கழுவ வேண்டும் என்றாள். பிறகு எங்கள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே ஆங்கிலத்தில் கேட்டாள். வெயிலுக்குப் பூசும் கிரீம் பூசியிருக்கிறீர்களா? நுளம்புக்கு ஏதாவது பூசியிருக்கிறீர்களா?

"இல்லை," என்றேன்.

இரண்டு கேள்விக்கும் அது உண்மையான விடை. அவள் எதை அறிய விரும்பிக் கேட்டாள் என்பது எனக்கு நன்றாக விளங்கியது. கேட்காத ஒன்றுக்கு நான் விடை சொல்லவில்லை. கிரீம் என்பது இரசாயனம், நல்லெண்ணெய் உணவு, மருந்து என்று எனக்குள்ளேயே ஒரு வாதத்தை வைத்து, அதற்கு நானே தீர்ப்பும் வழங்கினேன். ஷவரின் மெல்லிய தண்ணீர் என் கையில் முத்து முத்தாக உருண்டு விழுந்தது. போதும் என்று வெளியே வந்து, அவர்கள் தந்த மிதவை அங்கியை மாட்டிக்கொண்டேன்.

ஈரமான மரப்படிகள் கீழே இறங்கின. குகைக் கூரையில் வட்டமாக ஒரு திறப்பு. அதன் வழியே வெயில் ஒரு தூணாகத் தண்ணீருக்குள் நின்றது. மேலே உள்ள மரங்களின் வேர்கள் கயிறுகள் போலத் தொங்கித் தண்ணீரைத் தொட்டன. சிறிய கறுப்பு மீன்கள் அடியில் திரிவது தெரிந்தது. நான் இறங்கினேன். குளிர் நெஞ்சைப் பிடித்தது, பிறகு விட்டது. மல்லாந்து மிதந்தேன். பல ஆண்டுகளாக அவ்வளவு மகிழ்ச்சியாக நான் இருந்ததில்லை. இதையும் எழுதத்தான் வேண்டும்.

தலையை நிமிர்த்தியபோது வெயில் விழுந்த இடத்தில் தண்ணீரின் நிறம் மாறியிருந்தது. என்னைச் சுற்றி மெல்லிய தோல் ஒன்று படர்ந்து, ஊதாவும் மஞ்சளுமாக மினுங்கியது. நான் கையை அசைக்க அசைக்க அது உடைந்து, துளித்துளியாகப் பிரிந்து, மற்றவர்களை நோக்கிப் போனது. அருகில் நீந்திய ஒரு வெள்ளைக்காரப் பெண் தன் கையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு மணந்து பார்த்தாள். குகை முழுவதும் எங்கள் வீட்டுச் சனிக்கிழமை மணத்தது.

விசில் ஊதப்பட்டது. எல்லோரையும் ஓரத்துக்குப் போகச் சொல்லிவிட்டு, அந்தப் பெண் மரமேடை வழியாக நேரே என்னிடம் வந்து குனிந்து கையை நீட்டினாள். என் கை அவளுடைய பிடியிலிருந்து வழுக்கியது. இரண்டாம் முறை மணிக்கட்டைப் பிடித்து என்னை ஏற்றினாள். மிதவை அங்கியைக் கழற்றி வாங்கி, முகத்தருகே கொண்டுபோனாள்.

"எண்ணெயா, ஐயா?" என்று தாழ்ந்த குரலில் ஆங்கிலத்தில் கேட்டாள்.

தலையை அசைத்தேன்.

இந்தத் தண்ணீர் கீழ்வழியாகத் தங்கள் வீட்டுக் கிணறுகளுக்குப் போகிறது என்றும், தன் தாய் அதில்தான் சமைக்கிறாள் என்றும் சொன்னாள். திட்டவில்லை. குரலை உயர்த்தவில்லை. நான் மேலே போய் இருக்க வேண்டும் என்றாள். படியில் என் கால் வழுக்கும் என்று மகனைக் கூப்பிட்டு என்னைப் பிடித்துக்கொள்ளச் சொன்னவளும் அவளே. மனைவியும் மருமகளும் எங்களுக்குப் பின்னால் ஏறி வந்தார்கள். திரும்பிப் பார்த்தேன். அவளும் இன்னொருவரும் துணிகளைத் தண்ணீரின் மேல் விரித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

மேலே மர வாங்கில் அமர்ந்திருந்தபோது ஸ்ரௌவ்வில் மாணவர் தலை துவட்டிக்கொண்டே ஓடி வந்தார். அவர் குகையின் மறுபுறத்தில் இருந்தவர். எதையும் சரியாகப் பார்க்கவில்லை.

"என்ன சேர், என்ன பிரச்சினை?"

"ஒண்டுமில்லை. வெளியில வரச் சொல்லிச்சினம்."

"உங்கட ஆக்களை மட்டுமோ? அந்த வெள்ளையள் எல்லாம் கீழதானே நிக்குதுகள்."

நான் துவாயால் முகத்தைத் துடைத்தேன். தேவைக்கு மேல் நெடுநேரம் துடைத்தேன். துவாயை எடுத்தபோது அவர் தனக்கான விடையைக் கண்டுபிடித்துவிட்டார் என்பது அவருடைய முகத்தில் தெரிந்தது. அதை நான் திருத்தவில்லை.

இரவு அறையில் மனைவி கேட்டாள்:

"கோயில் கேணியில ஆரும் எண்ணெயோட இறங்கினா நீங்கள் சும்மா விடுவியளே?"

நான் விளக்கை அணைத்தேன்.

நாங்கள் ரொறன்ரோவுக்குத் திரும்பும்போது செய்தி எங்களுக்கு முன்பாகவே வந்து சேர்ந்திருந்தது. சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில், எங்கள் தலைவரை நிறம் பார்த்துத் தண்ணீரிலிருந்து வெளியேற்றிவிட்டார்கள் என்று எழுதப்பட்டிருந்தது. அதன் கீழே, ஸ்ரௌவ்வில் மாணவர் குகையின் மறுபுறத்திலிருந்து எடுத்த ஒரு படம். அந்தப் பெண் மரமேடையில் முகத்தைச் சுளித்தபடி ஒரு மிதவை அங்கியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். 'எங்கட சேர் போட்டதெண்டு அருவருப்புப் படுறாள், பாருங்கோ' என்று ஒருவர் எழுதியிருந்தார். அவள் எதை மணந்து பார்த்தாள் என்பது அந்தக் குழுவில் எனக்கு மட்டுமே தெரியும்.

தொலைபேசி ஓயவில்லை. இதைச் சும்மா விடக்கூடாது என்றார்கள். இளையவர்கள் இணையத்தில் அந்த இடத்துக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டு, அவளுடைய படத்தையும் இணைத்து, இவளை வேலையிலிருந்து நீக்க வேண்டும் என்று எழுதத் தொடங்கினார்கள். நான் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அநீதி இழைக்கப்பட்டவனாக இருப்பதில் ஒரு மரியாதை இருக்கிறது. எண்ணெயோடு ஊர்க் குடிநீரில் இறங்கியவனாக இருப்பதில் எதுவுமில்லை. வாயைத் திறந்தால், எலும்பு பொறுக்கிய வைத்தியர் முதல் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். அந்த நினைப்பே என் வாயைக் கட்டியிருந்தது.

மருமகள் என்னிடம் அதிகம் பேசுபவள் அல்லள். ஒருநாள் தேநீரை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"மாமா, அவ உங்களோட நைஸாத்தானே கதைச்சவ. அவக்கு ஜொப் போனா, அது எங்களாலதான், இல்லையா?"

"ஓம்," என்றேன். அவளுக்கு முன்னால் 'எங்களால்' என்பதை 'என்னால்' என்று மாற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மில்லிக்கன் பகுதியில் ஒரு வணிகப் பிளாசாவின் மாடியில் சங்கத்தின் செயற்குழு கூடியது. நான் நுழைந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். கண்டனத் தீர்மானம் தயாராக இருப்பதாகவும் நான் ஒப்புதல் தந்தால் போதும் என்றும் செயலாளர் சொன்னார். நின்றபடியே பேசினேன். அன்று சனிக்கிழமை என்றும், உடம்பு முழுவதும் எண்ணெய் வைத்துக்கொண்டே போனேன் என்றும், கேட்டபோது மறைத்தேன் என்றும், அந்தப் பெண் செய்தது சரி என்றும் சொன்னேன். தயாரித்துக்கொண்டு போன வசனங்கள்தான்.

பின்வரிசையில் ஒருவர் சிரித்தார்.

"நல்லெண்ணெயாம். சேர் கதையும் நல்லாக் கட்டுறார்."

"விடுங்கோ சேர்," என்றார் செயலாளர். "அந்தப் பெட்டைக்கு வேலை போயிடும் எண்டு பழியை உங்கட தலையில போடுறியள். உங்கட மனம் எங்களுக்குத் தெரியாதே?"

ஸ்ரௌவ்வில் மாணவர் கைதட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். நான் இன்னொரு முறை மறுத்திருக்க வேண்டும். கதிரை பின்னால் இருந்தது, அதில் இருந்துவிட்டேன். அந்தக் கைதட்டல் என் உடம்பில் இதமாகப் பரவியதை நான் உணர்ந்தேன். நிலக்கேணியில் நடந்ததைவிட, அந்த மாடியில் அந்த இதத்தை ஏற்றுக்கொண்டு நான் இருந்ததை நினைக்கும்போதுதான் எனக்கு முகம் கூசுகிறது.

தீர்மானம் நிறைவேறியது. அதோடு என் பெருந்தன்மையைப் பாராட்டி இரண்டு வரிகள் சேர்க்கப்பட்டன. ஒற்றை நட்சத்திரங்கள் இன்றும் அங்கே இருக்கின்றன. கோயிலிலும் கலியாண வீடுகளிலும் என்னைக் காண்பவர்கள், தன்னை அவமதித்தவளையே காப்பாற்றிய மனிதர் என்று பிறருக்கு என்னை அறிமுகப்படுத்துகிறார்கள்.

நான் அவளைக் காப்பாற்றவில்லை. அவள் என்னை அவமதிக்கவுமில்லை. எங்கள் நிறத்தைப் பார்த்து ஒருவரும் எங்களை வெளியேற்றவில்லை. என் மனைவி, மகன், மருமகள் மூவரும் தாங்களாகவே என்னோடு மேலே வந்தார்கள். தண்ணீரில் படர்ந்தது நல்லெண்ணெய். அது என் உடம்பிலிருந்து போனது.