சிப்பி முகப்பு வீடு

எழுதத் தெரிந்தவர்கள் எழுத வேண்டிய விஷயம் இது. நான் எட்டாம் வகுப்போடு சாந்தகப்பை பிடித்த மேசன். நாலு பேர் நடுவில் பேசவே கூச்சப்படுகிறவன். பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த முகப்பைப் பற்றிச் சொல்ல இப்போது வேறு யாரும் இல்லை.

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் போகும் தெருவில், ஒல்லாந்தர் காலத்துப் பெரிய அதிகாரி ஒருவர் தனக்காகக் கட்டிய வீடு அது. கூரையை மறைத்து எழுந்த முகப்புச் சுவர் இரண்டு பக்கமும் அலைபோலச் சுருண்டு இறங்கும். நடுவில் ஆளுயரச் சிப்பி, முழுக்கச் சுண்ணாம்புச் சாந்தில் செய்தது. கீழே உருண்டைத் தூண்கள், முதிரை மரக் கதவுகள், கதவுக்கு மேல் அரைவட்டக் கண்ணாடி. அதில் பாதி உடைந்து தகரம் அடித்திருந்தது. எழுபதுகளில் அங்கே ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் தனியாக இருந்தார். அவருடைய தகப்பன் வாங்கிய வீடு.

முகப்பில் வெடிப்பு விழுந்தது. மாரி முடியப் பார்ப்போம், திருத்தாவிட்டால் இடிப்போம் என்று நகரசபைக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது.

"இடிச்சால் கொழும்பிலை தம்பி வீடுதான். அவன் இருக்கக் கதிரை தருவான், எனக்கெண்டு ஒரு கதவு தரமாட்டான்," என்றார், திருத்த என்னைக் கூப்பிட்ட டீச்சர்.

சுவரோரம் மரத்தால் சாரம் கட்டி ஏறிப் பார்த்தேன். உள்ளே கடல் முருகைக்கல்லும் சுண்ணாம்பும் களிமண்ணும். அந்தச் சுவர் மழையைக் குடிக்கும், வெயிலில் வியர்த்துவிடும். உப்பு மாவாகப் பூக்கும். வருடத்துக்கு ஒருமுறை சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு பூச வேண்டும். சீமெந்து பூசினால் வியர்வை அடைபடும். இது எனக்கு நன்றாகத் தெரியும்.

"என்ன மேசன், பொம்பிளை பாக்க வந்தவர் மாதிரிச் சுவரையே பாத்துக்கொண்டு நிக்கிறீர்?"

"சுண்ணாம்பு நல்லது டீச்சர். மூண்டு கிழமை ஊறவேணும்."

அவ்வளவு சொன்னதே எனக்குப் பெரிய காரியம். கொழும்பிலிருந்து வந்திருந்த தம்பியார் சிரித்தார்.

"சுண்ணாம்போ? அது வெத்திலைக்குக் காணும். லொறியிலை சீமெந்து வந்து நிக்குது. மழை உமக்காகக் காத்துக்கொண்டு நிக்குமோ?"

டீச்சர் என்னைப் பார்த்தார். "நீர் சொல்லும். ஏலாதெண்டால் ஏலாதெண்டு சொல்லும். நான் உம்மடை சொல்லைத்தான் கேப்பன்."

தம்பியாரின் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு, "சீமெந்தும் பிடிக்கும் டீச்சர்," என்றேன்.

பூசினேன். சிப்பியின் வரிகள் பாதி மூடுண்டு போயின. தெருவில் போனவர்கள் புது வீடு மாதிரி என்றார்கள். டீச்சர் தன் கையால் தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

மாரியில் கூரைப் பீலியால் இறங்கிய தண்ணீர் வெளியேற வழியில்லாமல் சுவருக்குள்ளேயே நின்றது. ஒரு பகல் டீச்சர் ஆள் அனுப்பினார். ஏறித் தட்டினேன், பொத்தென்று கேட்டது. சீமெந்தைக் கொத்தித் திறந்தேன். களிமண் கூழாக வழிந்தது. நான் இறங்கிச் சற்று நேரத்தில் இடது பக்கச் சுருள் பெயர்ந்து விறாந்தைக் கூரையோடு விழுந்தது. எவருக்கும் அடிபடவில்லை.

டீச்சர் அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் நின்று, "உமக்கு முதலே தெரியுமோ?" என்று கேட்டார்.

"ஓம்," என்றேன்.

அவர் ஏசவில்லை. உள்ளே போய் உடுப்புகளைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினார்.

மறுநாள் கந்தோர் ஆட்கள் வந்து முகப்பைக் கயிறு கட்டி இழுத்து விழுத்தினார்கள். ஆள் போதாதென்று என்னையும் கூப்பிட்டார்கள். நானும் பிடித்து இழுத்தேன்.