நிறைமாதம் கொஞ்சம் பொறுக்கட்டும்

கர்ப்பிணிகள் வரிசையில் யாரை முதலில் கூப்பிட்டாலும் மற்றவர்களிடம் திட்டு வாங்குவதுதான் நர்ஸ் உத்தியோகம். என்னோடு சேர்ந்து வாங்கியவர்களுக்கு இது தெரியும். இப்போது கோபாலபுரம் பக்கம் மாற்றலாகிவிட்டேன். ஆனாலும் சித்திரபுரத்துத் தேயிலை மலைக் கிளினிக்கையும், கர்ப்பிணிகள் வரிசையாக உட்காரும் அந்த மர பெஞ்சையும் நினைக்காத நாளில்லை.

வெறும் வயிறு

சர்க்கரை உள்ளவர்களுக்கு வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டும். பசியோடு காக்க வைக்கக் கூடாதென்று அவர்களைத்தான் முதலில் கூப்பிடுவேன். கொழுந்து கிள்ளும் பஞ்சவர்ணத்துக்கு ஒரு நாள் சர்க்கரை எகிறிவிட்டது. எதையும் வாயில் வைக்கவில்லை என்று சத்தியம் செய்தாள். துருவிக் கேட்டால், சீனி போட்ட டீ இரண்டு டம்ளர் உள்ளே போயிருக்கிறது. வருத்தம் அவளுக்குத்தான்.

"டீயெல்லாம் சாப்பாட்டுல சேத்தியாக்கா? எஸ்டேட்டுல பொறந்தவகிட்டக் கேக்குற கேள்வியா இது?"

என்ன குழம்பு?

பெஞ்சில் இருப்பவர்களிடம் ஊர்க்கதை பேசுவேன். நேற்று என்ன குழம்பு, யார் வீட்டில் சண்டை. வம்புக்கு இல்லை. மூச்சு வாங்காமல் பதில் சொல்பவள் காத்திருக்கலாம். பாதியில் நிறுத்துபவளைக் காக்க வைக்கக் கூடாது.

முத்துமாரிக்குச் சிறு வயதிலேயே இதய வால்வு கெட்டிருந்தது. ஐந்து மாதம், வயிறு தெரியாது. அவளை முதலில் கூப்பிட்டதும், நிறைமாதக்காரி ஒருத்தியின் மாமியார் எழுந்துவிட்டார்.

"ஏன் சிஸ்டரு, எம் மருமக வயித்தத் தூக்கிக்கிட்டு நிக்க முடியாம நிக்கா. வயிறே இல்லாதவளுக்கு என்ன அவசரம்?"

கடைசி ஆள்

அந்தப் பேச்சுக்குப் பிறகு முத்துமாரி தன் முறையை எல்லோருக்கும் விட்டுக்கொடுக்க ஆரம்பித்தாள். ஒரு மழை நாளில் பெஞ்சின் கடைசியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். என்ன குழம்பு என்றேன். "கருவாட்டு..." என்றவள் மூச்சிரைத்து நின்றாள். உப்பு ஆகாது என்று நான் தலைபாடாய் அடித்துக்கொண்ட அதே கருவாடு. இரவெல்லாம் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தே இருந்தாளாம். ஆக்ஸிஜன் வைத்து, டாக்டரைக் கூப்பிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஜீப் ஏற்றினோம். இவள் திரும்பி வருவாளா என்று பயந்தேன். அவளோ என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"மொதல்ல அந்தக்காவ... பாத்து விடுங்க. அவுகளுக்கு... பஸ்ஸு போயிரும்."

தடுப்பூசி நாள்

வாரக்கணக்கில் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். பிள்ளைக்கு ஊசி போட வந்தபோது வெளியே நீண்ட வரிசை. அத்தனை பேரையும் விலக்கிக்கொண்டு நேராக என் மேஜைக்கு வந்தாள். பின்னாலிருந்து ஒரே கூச்சல். அவள் திரும்பி நின்று, ஒரே மூச்சில் சொன்னாள்:

"எம் பிள்ளைக்குப் போட்டுட்டுத்தான் மத்தவுகளுக்கு, யாரு என்ன சொன்னாலும் நான் இங்கனயிருந்து நகர மாட்டேன்."

வரிசையை உடைத்தவளை உட்கார வைத்து ஊசி போட்டுவிட்டு, வெளியே இருந்தவர்களின் திட்டையெல்லாம் நான் சந்தோஷமாக வாங்கிக்கொண்டது அன்று ஒரு நாள்தான்.