நண்டுக்கறி போட்ட சட்டி

ஒஸ்லோ நகரின் அம்மருட் பகுதியில் என் கணவர் இறந்தபோது, பக்கத்து வீட்டு ரூத் ஏழு நாளும் மண்சட்டியில் சூப் கொண்டுவந்தார். “எங்கடை யூத வழக்கத்திலை, துக்கவீட்டாரைச் சமைக்க விடமாட்டம்” என்றார்.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்ததும், வெறும் சட்டியாகக் கொடுக்க மனமில்லாமல் நண்டுக்கறி நிரப்பிக் கொடுத்தேன். மறுநாள் சட்டி குப்பைத்தொட்டியில் கிடந்தது. அன்றோடு ரூத்துடன் கதைப்பதை விட்டேன். லிஃப்டில் அவர் சிரித்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

போன குளிர்காலத்தில் ரூத் இறந்தார். நான் எட்டியும் பார்க்கவில்லை. எட்டாம் நாள் வாசலில் கண்ட அவர் மகளிடம், “அந்த நண்டுக்கறிச் சட்டியை அம்மா ஏன் எறிஞ்சவா?” என்று கேட்டேவிட்டேன்.

“எங்கடை சமயத்திலை நண்டு ஆகாது. நண்டு பட்ட மண்சட்டியும் பிறகு உதவாது. துக்கத்திலை இருந்த உங்களிட்டை அதைச் சொல்ல அம்மாவுக்கு மனம் வரேல்லை.”

தாயை இழந்த அந்த ஏழு நாளும் அந்தப் பிள்ளை தனியாகச் சமைத்த சத்தம், சுவர் வழியே எனக்கு நன்றாகவே கேட்டிருந்தது.