மணி கேட்கிறவர்

முழுக்கைச் சட்டையின் இடது கையைக் கடிகாரத்துக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, அந்தப் பக்கம் வரும் முதல் ஆளைப் பார்த்து திருமுருகன் கேட்பார்: “மணி இன்னாபா ஆவுது?”

ஒன்பதரை மணி வகுப்புக்கு ஓடுகிறவன் நின்று பதில் சொல்வான். நின்றுவிட்டால் போதும். சக்கர நாற்காலியில் ஒரு மனிதர், அவருக்கு முன்னால் சுவர் மாதிரி ஏறும் சரிவுப் பாதை. இரண்டையும் பார்த்துவிட்டு அவனே, “தள்ளட்டாண்ணா?” என்பான். ‘தள்ளிவிடு’ என்று திருமுருகன் யாரிடமும் கேட்டதில்லை. எம்.ஏ. முதலாண்டு முழுக்க மணிதான் கேட்டார்.

திருவொற்றியூரில் பல்கலைக்கழகத்தின் முதுநிலை மையம் ஒன்றில் சமூகவியல் படிக்கிறார். வயது முப்பத்தெட்டு. காசிமேட்டில் விசைப்படகு ஓட்டியவர். ஒன்பது வருடத்துக்கு முன் படகின் ஐஸ் அறைக்குள் தவறி விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அண்ணன் வீட்டின் முன்னறையில் படுத்தபடியே அஞ்சல் வழியில் பி.ஏ. முடித்தார். அண்ணன் கடலுக்குப் போனால் திரும்பப் பத்து நாள் ஆகும். அண்ணி விடிவதற்குள் மீன் ஏலத்துக்குக் கிளம்பிவிடுவார். பகலில் அந்த வீட்டில் பேசுவது டிவி மட்டும். எம்.ஏ.வையும் அஞ்சலிலேயே படித்திருக்கலாமே என்று கேட்டால், “வூட்ல குந்திகினு படிச்சா புக்குதான்பா பேசும். மனுசன் பேச வேணாமா?” என்பார்.

மூன்று சக்கர ஸ்கூட்டரில் வருவார். நாற்காலியைக் காவலாளி செல்வம் தன் அறையில் பூட்டி வைத்திருந்து, ஸ்கூட்டர் பக்கத்திலேயே கொண்டுவந்து போடுவார். சக்கரங்களுக்குப் படகு எஞ்சினுக்குப் போடும் கிரீஸ். அதனால் துளிச் சத்தம் வராது. திருமுருகன் பின்னால் வந்து நிற்பது யாருக்கும் தெரியாது.

வகுப்பு தரைத் தளத்தில்தான். ஆனால் அந்தத் தளம் மண்ணிலிருந்து மூன்றரை அடி உயரம். படிக்கட்டுக்குப் பக்கத்தில் விதிக்காக ஒரு சரிவு கட்டியிருந்தார்கள். நீளம் பதினாலு அடி. “ஒரு அடி ஏற பன்னெண்டு அடி நீளம் வேணும், அதான் ரூல்சு. இது படக கரையேத்துற சறுக்கு மேரி கீது. போட்டுக்காவது கயிறு கட்டி இழுக்க வின்ச்சு கீது. எனக்கு?”

வின்ச்சுக்குப் பதில் கூடப் படிக்கும் ஜெயஸ்ரீ இருந்தாள், அமான் இருந்தான். “ஏண்ணா, மணிய கேக்கறீங்களே, சட்டைக்குள்ள இன்னா ஓடிக்கினு கீது?” என்று ஒருநாள் ஜெயஸ்ரீ அவரைப் போலவே பேசி மடக்கினாள்.

“அது சிங்கப்பூர் டைம்மா.”

அன்றிலிருந்து, “சிங்கப்பூர்ல விடிஞ்சிடுச்சா?” என்று கேட்டுக்கொண்டேதான் கைப்பிடியைப் பிடிப்பாள்.

பின்னால் நின்று தள்ளுகிறவருக்கு முன்னால் இருப்பவரின் முகம் தெரியாது. அதனாலோ என்னவோ, நேரே பார்த்துச் சொல்லாததையெல்லாம் அவருடைய பிடரியிடம் சொன்னார்கள். மணலி புதுநகர் வீட்டில் தன் கல்யாணப் பேச்சு தொடங்கிவிட்டதை ஜெயஸ்ரீ முதலில் சொன்னது அந்தச் சரிவில்தான். அமான் வண்ணாரப்பேட்டைத் துணிக்கடைப் பெண் ஒருத்தியைப் பற்றி தினம் பதினாலு அடி சொல்வான். மேலே வந்ததும் கதை நிற்கும். மறுநாள் கீழேயிருந்து தொடரும்.

நவம்பர் மழையில் ஒருநாள், கதையின் நடுவில் அமானுக்குக் கால் வழுக்கியது. நாற்காலி பின்னோக்கி உருண்டது. கைப்பிடியை விடாமல் அவனும் கூடவே விழுந்தான். திருமுருகனுக்குச் சிராய்ப்புகூட இல்லை. அமானுக்கு மணிக்கட்டு எலும்பில் விரிசல். “என் காலு கடலோட போச்சு. இவன் கை போயிருந்தா இவங்க அம்மா மூஞ்ச எப்படி பாப்பேன்?” என்று செல்வத்திடம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் செல்வம் டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க, சரிவை அளந்து முதல் மனுவை எழுதினார். மொத்தம் ஏழு மனு. “ரெண்டு பசங்க பிடிச்சா ஏறிடலாமே” என்றார் பொறியாளர். “சார், ஒங்க ரூமுக்குப் போவ தெனம் ரெண்டு பேர் ஒங்கள தூக்கினா ஒத்துப்பீங்களா?” என்றார் இவர். மே மாதம் ஆசிரியர்களின் பைக் நிறுத்தம் வேறு இடத்துக்குப் போனது. அந்த இடத்தில் நாற்பத்திரண்டு அடிச் சரிவு வந்தது. நடுவில் ஒரு திருப்பம், இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி.

ஜூனில் கல்லூரி திறந்த அன்று தனியாகவே ஏறினார். படிக்கட்டில் நின்றவர்கள் கைதட்டினார்கள். செல்வம் விசில் அடித்து, “மாமு, ரிவர்ஸ்ல வந்து இன்னொரு ரவுண்டு வுடு!” என்றார். இறங்கி, மறுபடி ஏறி, மூன்று முறை காட்டினார் திருமுருகன்.

“இனிமே ஜாலிதானண்ணா. யாரையும் எதிர்பாக்க வேணாம்” என்றாள் ஜெயஸ்ரீ.

“ஆமாம்மா. ஜாலிதான்.”

இரண்டாவது வாரம் கைதட்டல் இல்லை. படியில் ஓடுகிறவர்கள் கட்டைவிரலை உயர்த்திவிட்டுப் போனார்கள். வகுப்பில் பெஞ்சுகளைத் தரையில் அடித்து வைத்திருப்பதால் அவருக்கு இடம் கதவோரம், எல்லாருக்கும் முன்னால். பேச்சும் சிரிப்பும் பின்னால் கேட்கும். ஜெயஸ்ரீயின் கல்யாணம் என்ன ஆனது என்று தெரியவில்லை. துணிக்கடைப் பெண் அமானிடம் போன் நம்பர் கொடுத்தாளா என்பதும் தெரியவில்லை. கதை ஏப்ரலில் நின்ற இடத்திலேயே நிற்கிறது. எல்லார் எதிரிலும் கேட்கக்கூடிய விஷயமா அது?

ஜூலையில் ஒரு திங்கட்கிழமை. சரிவின் திருப்பத்தில், படிக்கட்டுக்குப் பக்கத்தில், நாற்காலியை நிறுத்தினார். மேலே போக இன்னும் இருபத்தோரு அடி. மூச்சு வாங்கவில்லை, கையும் வலிக்கவில்லை. முதலாண்டுப் பெண் ஒருத்தி படியேறி வந்தாள்.

“மணி இன்னாமா ஆவுது?”

“ஒம்போது இருபத்தஞ்சுண்ணா” என்றாள், நிற்காமல்.

சட்டைக் கையை விலக்கிக் கடிகாரத்தைப் பார்த்தார். சரியாகத்தான் சொன்னாள். கீழே தேய்ந்த செருப்பு ஒன்று தரையை அறைந்துகொண்டு ஓடிவரும் சத்தம் கேட்டது. அது அமானுடைய செருப்பு. திருமுருகன் சட்டைக் கையை மறுபடி மணிக்கட்டு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டார்.