பென்சில் புருவம்

சலூன் திறந்ததும் முதல் சவரம் அவருக்குத்தான். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, வாடிக்கையாளர் நாற்காலியில் தானே உட்கார்ந்து, மூக்கிலும் கன்னத்திலும் முளைத்திருக்கும் முட்களை வழித்துவிடுவார். முட்கள் என்றால் முட்களேதான். மயிர்க்கால்களில் வெள்ளை வெள்ளையாக, தொட்டால் விரலை உறுத்தும். அதற்கென்று தனிக் கத்தி. அது படும்போது காய்ந்த சருகை மிதிப்பதுபோல் ஒரு சத்தம். பிறகு புருவம். முட்கள் வந்ததிலிருந்து புருவ மயிர் கொட்டிப்போனதால் கறுப்புப் பென்சிலால் வரைந்துகொள்வார். தெருவில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். ஊரார் முகத்தையெல்லாம் திருத்திய கைக்குச் சொந்த முகத்தை ஒப்பேற்றுவது பெரிய காரியமா என்ன?

ஆனாலும் சாயங்காலத்துக்குள் முள் தலைகாட்டிவிடும். ஒருநாள் முடிவெட்ட வந்த கொத்தனார் கண்ணாடியில் அவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மாஸ்டர், அந்த மூக்கைக் கொஞ்சம் இரவல் குடுங்க. ஒரு சுவர் தேய்க்க வேண்டியிருக்கு."

"இரவல் கிடையாது. வாடகைதான்."

கடையே சிரித்தது. அன்றிலிருந்து முதுகுக்குப் பின்னால் அவர் பெயர் உப்புத்தாள். சிரித்தவர்களில் சிலர் அடுத்த மாதம் எதிர்ச்சாரிக் கடைக்குப் போனார்கள். அவர் வருத்தப்பட்டார், கோபப்படவில்லை. இப்படி ஒரு முகத்தை வைத்திருப்பவன் கையில் தன் முகத்தைக் கொடுக்க யாருக்கு மனசு வரும்?

டாக்டரிடம் காட்டியிருக்கலாம். காட்டாததற்குக் காரணம் அக்கா. அவருக்குள் ஓடிக்கொண்டிருப்பது அக்கா கொடுத்த கிட்னி. வந்த விருந்தாளியை உடம்பு விரட்டிவிடாமல் இருக்க, உடம்பின் காவலைத் தளர்த்தும் மாத்திரைகளைத் தினமும் விழுங்குகிறார். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒருவர் சொன்னார்: தோலில் ஏதாவது வந்தால் அந்த மாத்திரையைக் குறைப்பார்கள், குறைத்தால் கிட்னி போச்சு. அந்தப் பேச்சு தைத்த முள்ளாக உள்ளேயே இருந்துவிட்டது. அதனால் பரிசோதனை நாளில் மட்டும் இரண்டு தடவை வழிப்பார். கிட்னி டாக்டர் ரத்த அறிக்கையைப் பார்த்து, "நல்லாயிருக்கு" என்பார். சிவந்த மூக்கை வெயில் என்று சொல்லித் தப்பித்துவிடுவார்.

அக்கா பஸ் கண்டக்டர். பரிசோதனை நாளில் வழக்கமாகத் தன் பஸ்ஸோடு நிறுத்தத்தில் அவருக்காகக் காத்திருப்பவள், அந்தத் தடவை விடுப்பு கிடைத்ததால் நேரே கடைக்கு வந்து ஷட்டருக்கடியில் குனிந்து நுழைந்தாள். அவர் கையில் பென்சில். ஒரு புருவம்தான் முடிந்திருந்தது.

அக்கா கிட்டே வந்து அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "இன்னொன்னு எங்கடா?" என்றாள்.

மழுப்பிப் பார்த்தார். நடக்கவில்லை. டிக்கெட் எடுக்காதவனைக் கூட்டத்தில் பார்த்தே பிடிக்கிற கண். மேஜையில் கத்தியோரம் கிடந்த வெள்ளைத் துகள்களை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"மாத்திரையக் குறைச்சிட்டா உன் கிட்னி போயிடும்க்கா," என்றார்.

"என்கிட்ட இருந்தவரைக்கும் அதுக்காக நான் மூஞ்சிய ஒளிச்சு வச்சேனா? நீ நல்லா இருக்கத்தான் குடுத்தேன். இப்படித் திருடன் மாதிரி உக்கார்றதுக்கில்ல. முகத்தக் கழுவு."

கழுவினார். வரைந்திருந்த ஒற்றைப் புருவமும் தண்ணீரோடு போனது.

தோல் மருத்துவர் அவர் முகத்தை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வழிச்சு வழிச்சு எங்க கண்ணுலயே மண்ணத் தூவியிருக்கீங்க. கொஞ்ச நாள் கத்தி படாம வளரட்டும். அப்புறம் துளி தோல் எடுத்துப் பார்க்கணும்."

அந்த நாட்களில் ஷட்டர் முழுசாகத் திறந்திருந்தது. முட்களோடும் புருவமில்லாமலும் நின்று முடி வெட்டினார். கொத்தனார் வந்தார், பார்த்தார், வேடிக்கை எதுவும் பேசாமல் உட்கார்ந்து தலையைக் கொடுத்தார்.

சோதனையில் ஒரு வைரஸ் என்று தெரிந்தது. பலர் உடம்பில் தெரியாமலே தூங்குவதுதான், காவல் தளர்ந்த உடம்பில் எப்போதாவது அபூர்வமாக விழித்துக்கொள்ளும் என்றார் டாக்டர். தடவ ஒரு களிம்பு கொடுத்தார். மாத்திரையில் ஒன்றைக் கொஞ்சம் குறைக்க வேண்டும் என்றபோது மாஸ்டர் அக்காவைப் பார்த்தார். அக்கா டாக்டரைப் பார்த்தாள்.

"நீங்களா குறைச்சா ஆபத்து. நாங்க குறைக்கிறோம், ரத்தத்தைப் பார்த்துக்கிட்டே," என்றார் டாக்டர்.

அடுத்த பரிசோதனையில், கிட்னி சோர்ந்தால் ரத்தத்தில் கூடும் கிரியாட்டினின் எண் ஒரு நூலளவு ஏறியிருந்தது. அவர் அந்தத் தாளைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தார். அக்கா மட்டும், "நம்ம வீட்டுக் கிட்னி, அது அவ்வளவு சுலபமா எறங்கிப் போயிடாது," என்றாள். அதற்கடுத்த தடவை எண் பழைய இடத்துக்கு வந்தது. அப்புறம் அங்கேயே நின்றது.

முட்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. பல மாதம் கழித்து ஒரு காலையில், கண்ணாடிக்கு மிக அருகே போனபோது, புருவ எலும்பின் மேல் பூனைமயிர்போல் ஏதோ தெரிந்தது. ஊதினால் போய்விடுமோ என்று மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்.

அன்று மாலை அக்கா வேலை முடிந்து கடைக்கு வந்தாள். கட்டைவிரலால் அவர் மூக்கைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, மேஜையிலிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டாள்.

"உனக்கெதுக்கு இனிமே," என்று கண்ணாடி பார்த்துத் தன் புருவத்தில் இழுத்தாள். கோடு ரோட்டை விட்டு இறங்கிய பஸ் மாதிரி நெற்றிக்குப் போனது.

"குடுக்கா இங்க," என்று அவர் துணியை நனைத்துக்கொண்டு வந்து, அக்காவின் முகவாயை லேசாக நிமிர்த்தினார்.